பையை யார் சுமப்பது?

பிரிட்டனின் கோல்ஃப் களங்களில் 40 ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் எலெக்ட்ரிக் டிராலி எப்படி வந்தது? எதைப் பார்த்து வாங்குவது?

லாசன் லிட்டில் என்ற அமெரிக்கர் 1934, 1935 ஆகிய இரு ஆண்டுகளிலும் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தையும் அமெரிக்க அமெச்சூர் பட்டத்தையும் சேர்த்தே வென்றவர். எந்த அடிக்கும் தோதான மட்டை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பையில் 31 மட்டைகள் வரை இருக்கும். கொள்கை லிட்டிலுடையது, தோள் இன்னொருவருடையது. ‘கேடீ’ எனப்படும் உதவியாளர்தான் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு மைல் கணக்கில் நடந்தார்.

இப்படிப் பெருகிக்கொண்டே போன மட்டைகளுக்கு 1938இல் அமெரிக்க கோல்ஃப் சங்கம் கடிவாளம் போட்டது. அடுத்த ஆண்டே ஸ்காட்லாந்தின் ஆர் அண்ட் ஏ அமைப்பும் அதே வழிக்கு வந்தது. ஓர் ஆட்டத்துக்கு 14 மட்டைகளுக்கு மேல் எடுத்துச் செல்லக் கூடாது. இன்றுவரை அதுதான் விதி.

14 என்றாலும் சுமை சுமைதான். பந்துகள், தண்ணீர், குடை, மழைக்கோட்டு எல்லாம் சேர்ந்தால் பை 10 முதல் 15 கிலோ வரை கனக்கும். 18 ‘ஹோல்’, அதாவது 18 குழிகள், ஆடி முடிக்க நான்கு மணி நேரம் ஆகும். களத்தின் நீளம் காகிதத்தில் 6 கிலோமீட்டர்தான். ஆனால் பந்து போன திசைக்கெல்லாம் போய், ஒரு குழியை முடித்துவிட்டு அடுத்தது தொடங்கும் இடத்துக்கு நடந்து எனக் கூட்டினால் 8 முதல் 10 கிலோமீட்டர் ஆகிவிடும். அவ்வளவு தூரம் இந்தப் பையை யார் தூக்குவது?

ஆள் வைத்துத் தூக்கலாம். தானே தூக்கலாம். ‘பக்கி’ எனப்படும் சிறிய மோட்டார் வண்டியில் பையோடு தானும் ஏறி உட்கார்ந்துகொள்ளலாம். நான்காவதாக ஒரு வழியும் உண்டு: பையை மட்டும் சக்கரத்தில் ஏற்றிவிட்டுத் தான் நடப்பது. பிரிட்டன் இந்த நான்காவது வழியைத்தான் தன்னுடையதாக்கிக்கொண்டது.

கென்ட்டிலிருந்து கிளம்பிய வண்டி

ஒரு காலத்தில் பிரிட்டனின் களங்களில் கேடீ வேலைக்கு ஆள் பஞ்சமே கிடையாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிலைமை மாறியது. கூலி ஏறியது, வேறு வேலைகள் கிடைத்தன. சாதாரண உறுப்பினர் ஒருவர் வாராவாரம் ஆள் வைத்து ஆடுவது அரிதாகிப்போனது. அந்த இடத்துக்கு இரண்டு சக்கர இழுவண்டி வந்தது. மேட்டில் அதை இழுப்பதற்கு, பையைத் தோளிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று சலித்துக்கொண்டவர்களும் உண்டு.

1983இல் ஜோ கேட்ஃபோர்ட் பேட்டரியில் ஓடும் டிராலியைக் கொண்டுவந்தார். இங்கிலாந்தின் தென்கிழக்கில் உள்ள கென்ட் பகுதியிலிருந்து ‘பவாகேடி’ என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. 2004இல் ‘மோட்டோகேடி’ நிறுவனம் போட்டிக்கு இறங்கியது. குளோஸ்டர்ஷரின் ‘ஸ்டூவர்ட் கோல்ஃப்’ ரிமோட்டில் ஓடும் வண்டிகளால் பெயர் எடுத்தது. ஆஸ்திரேலியாவின் ‘எம்.ஜி.ஐ.’யும் இதே துறையில் வேரூன்றிய நிறுவனம்.

பிரிட்டனில் இது ஏன் இவ்வளவு ஒட்டிக்கொண்டது? அங்குள்ள களங்கள் பல, மனிதர்கள் நடந்தே ஆடிய காலத்தில் போடப்பட்டவை. ஒரு குழி முடிந்த இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்தது தொடங்கும். மழையில் ஊறிய புல்தரை பக்கியின் எடையைத் தாங்காது என்பதால், மருத்துவக் காரணம் காட்டுபவர்களுக்கு மட்டுமே பக்கி தரும் கிளப்கள் நிறைய. உறுப்பினர்களிலோ ஓய்வு பெற்றவர்கள் கணிசம். நடக்கக் கால் இருக்கிறது, தூக்கத்தான் தோள் இல்லை என்ற நிலையில் இருப்பவர்கள் இவர்கள்.

அமெரிக்காவின் பாதை வேறு. குடியிருப்புத் திட்டங்களுக்கு நடுவே நீட்டி நெளித்துப் போடப்பட்ட களங்களில் ஒரு குழிக்கும் அடுத்ததற்கும் இடையிலான தூரமே களைப்பைத் தரும். பக்கி வாடகை கிளப்புக்கு நல்ல வருமானம் என்பதால் அதைக் கட்டாயமாக்கிய இடங்களும் உண்டு. அதே அமெரிக்காவில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் மட்டும் நடந்தே ஆக வேண்டும். கால் ரத்தவோட்டக் கோளாறால் அவதிப்பட்ட கேஸி மார்ட்டின் தனக்கு பக்கி வேண்டும் என்று வழக்குப் போட்டார். நடப்பதும் ஆட்டத்தின் அங்கம்தான் என்று தொழில்முறைப் போட்டிகளை நடத்தும் பி.ஜி.ஏ. டூர் அமைப்பு வாதிட்டது. 2001 மே மாதம் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற பெரும்பான்மையில் மார்ட்டினுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பந்தை அடித்துக் குழிக்குள் சேர்ப்பதுதான் ஆட்டத்தின் சாரம், நடை அதற்கு இன்றியமையாதது அல்ல என்பது தீர்ப்பின் போக்கு.

சட்டத்தின் பார்வையில் அது சரிதான். வாரத்துக்கு இரண்டு முறை ஆடும் 65 வயதுக்காரரைக் கேட்டால், ஆட்டத்தில் தனக்கு உறுதியாகக் கிடைக்கும் லாபம் நடை ஒன்றுதான் என்பார். எலெக்ட்ரிக் டிராலியின் சந்தையே அந்த நடையை நம்பித்தான் இருக்கிறது.

தோள் இறங்கினாலும் நடை இறங்காது

அமெரிக்காவின் கொலராடோவில் நீல் வால்கோடாஃப் என்ற விளையாட்டு அறிவியலாளர் ஒரு சிறு ஆய்வு நடத்தினார். ஒன்பது ஹோல் ஆடும்போது உடல் எவ்வளவு கலோரி செலவிடுகிறது என்பதை அளந்தார். பையைத் தானே சுமந்தால் 721. கையால் தள்ளும் டிராலியோடு நடந்தால் 718. கேடீ சுமக்க, தான் சும்மா நடந்தால் 613. பக்கியில் போனால் 411. ஆய்வில் பங்கேற்றவர்கள் இரு கைவிரல்களில் எண்ணி முடிக்கக்கூடிய சிலரே என்பதால் கடைசி இலக்கம் வரை நம்ப வேண்டியதில்லை, வரிசையைப் பார்த்தால் போதும். பையைத் தூக்குவதற்கும் தள்ளுவதற்கும் இடையே வித்தியாசம் ஏறக்குறைய இல்லை. பெரிய சரிவு வண்டியில் ஏறி உட்காரும்போதுதான் வருகிறது.

எலெக்ட்ரிக் டிராலிக்காரர் சுமையில்லாமல் நடப்பவர் என்பதால், கேடீயோடு நடப்பவருக்குப் பக்கத்தில் அவரை வைக்கலாம். தோள்பட்டை, முதுகு, முழங்கால் ஆகியவற்றுக்கு ஓய்வு, இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேலை. ஸ்வீடனில் சுமார் 3 லட்சம் கோல்ஃப் ஆட்டக்காரர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2009இல் வெளியான கட்டுரை, அவர்களின் இறப்பு விகிதம் அதே வயது, பாலினம், சமூகநிலை கொண்ட மற்றவர்களைவிட 40 சதவீதம் குறைவு என்றது. உடல்நலம் உள்ளவர்களே ஆடவும் வருகிறார்கள் என்பதால் முழுப் புகழையும் கோல்ஃபுக்கே கொடுத்துவிட முடியாது. ஆனாலும் நான்கு மணி நேரத் திறந்தவெளி நடையை வேண்டாம் என்று சொல்லும் மருத்துவர் அரிது.

ஆகவே ‘எந்த டிராலி’ என்ற கேள்விக்கு அளவுகோல் கிடைத்துவிட்டது. எந்த வண்டி, ஆண்டு முழுக்க, களைப்பும் எரிச்சலும் இல்லாமல் நம்மை நடக்க விடுகிறதோ அதுவே நல்ல வண்டி. விளம்பரங்கள் பேசும் வரிசை வேறு. அவை வண்ணத் திரையில் தொடங்கி, ரிமோட்டுக்குப் போய், பேட்டரியை அடிக்குறிப்பில் வைக்கும். வாங்குபவர் அந்த வரிசையைத் தலைகீழாகப் படிக்க வேண்டும்.

முதலில் பேட்டரி

ஆரம்ப காலம் முதல் 2010 வாக்கில் வரை பெரும்பாலான டிராலிகளில் இருந்தது ஈய-அமில பேட்டரி. ஸ்கூட்டரிலும் இன்வெர்ட்டரிலும் நாம் பார்க்கும் அதே குடும்பம். எடை 8 முதல் 10 கிலோ. சுமையைக் குறைக்க வாங்கிய வண்டிக்கு, கிட்டத்தட்ட இன்னொரு கோல்ஃப் பையின் எடையை வீட்டிலிருந்து காருக்கும் காரிலிருந்து களத்துக்கும் தூக்க வேண்டியிருந்தது. ஆடி முடித்த அன்றே சார்ஜ் போடாவிட்டால் ஈயத் தகடுகளில் சல்ஃபேட் படிந்து ஆயுள் குறையும். ஒழுங்காகப் பராமரித்தாலும் இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்ந்துவிடும்.

லித்தியம் பேட்டரி வந்ததும் எடை இரண்டு, இரண்டரை கிலோவுக்கு இறங்கியது. ஐந்தாண்டு உத்தரவாதம் தரும் நிறுவனங்கள் உண்டு. இன்று புதிதாக வாங்குபவர் ஈய-அமிலத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டிய காரணம் ஒன்றுதான்: விலை. மூன்றாண்டுகளில் மாற்ற வேண்டிய இரண்டாவது பேட்டரியின் விலையையும் சேர்த்தால் அந்தக் காரணமும் கரைந்துபோகும்.

லித்தியத்திலும் ‘18 ஹோல்’, ‘36 ஹோல்’ என இரண்டு அளவுகள் விற்கிறார்கள். ஒரு நாளில் 18 ஹோலுக்கு மேல் ஆடாதவர் சிறியது போதும் என்று நினைப்பது இயல்பு. சமதளக் களம், மிதமான எடைப் பை என்றால் போதும்தான். மேடுபள்ளமான களம், ஈரமான தரை, ரிமோட் வண்டி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் பெரியதை எடுப்பதே நல்லது. பேட்டரி ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திறன் இழக்கும். முதல் ஆண்டில் 18ஆவது ஹோலை எளிதாகத் தொட்டது, நான்காம் ஆண்டில் 15ஆவதிலேயே நின்றுபோகலாம். பேட்டரி செத்த டிராலியை மேட்டில் தள்ளுவது, வெறுமனே பையைத் தூக்குவதைவிடக் கொடுமை.

வெளிநாட்டுக்குப் போய் ஆடும் வழக்கம் உள்ளவர்கள் இன்னொரு கணக்கும் போட வேண்டும். 12.8 வோல்ட், 16 ஆம்பியர்-மணி என்று பேட்டரியில் அச்சிட்டிருந்தால் இரண்டையும் பெருக்குங்கள்: சுமார் 205 வாட்-மணி. பயணிகள் விமானத்தில் 100 வாட்-மணி வரை உள்ள லித்தியம் பேட்டரியைக் கைப்பையில் எடுத்துச் செல்லலாம். 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் அனுமதியே இல்லை. குளிர்காலத்தில் போர்ச்சுகலுக்கும் ஸ்பெயினுக்கும் பறக்கும் பிரிட்டிஷ்காரர்களில் பலர் டிராலியை வீட்டில் விட்டுவிட்டு அங்கே வாடகைக்கு எடுப்பது இதனால்தான்.

சார்ஜர் விஷயத்தில் சிக்கனம் ஆபத்து. ஈய-அமில பேட்டரிக்கான பழைய சார்ஜரை லித்தியத்துக்குப் போடக் கூடாது. பெயர் தெரியாத மலிவு பேட்டரியை வாங்கி நல்ல வண்டியில் பொருத்துவதும் அதே வகைச் சிக்கனம்.

ஏறுவதைவிட இறங்குவது கடினம்

கடையில் யாரும் கேட்காத கேள்வி: இறக்கத்தில் இது என்ன செய்யும்? மேடு ஏற எல்லா மோட்டாருக்கும் தெம்பு உண்டு. இறக்கத்தில் 15 கிலோ பையும் 10 கிலோ வண்டியும் சேர்ந்து உருளத் தொடங்கினால், பிரேக் இல்லாத டிராலி நம்மை இழுத்துக்கொண்டு ஓடும். நாம் பிடித்து நிறுத்தியபடியே இறங்க வேண்டும், மணிக்கட்டும் முழங்காலும் தேயும். பிடி நழுவினால் வண்டி போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் குளம்.

இதற்காகவே மின்னணு பிரேக் உள்ள மாடல்கள் வந்தன. இறக்கத்தில் மோட்டாரே வேகத்தைப் பிடித்துவைக்கும், நாம் வைத்த வேகத்திலேயே வண்டி இறங்கும். நிறுத்தினால் சரிவிலும் நிற்கும். விலையில் கொஞ்சம் கூடுதல். ஸ்காட்லாந்துக் கடலோர மணல்மேடுகளைப் போன்ற ஏற்ற இறக்கமான களத்தில் ஆடுபவருக்கு இது கட்டாயம். தட்டையான களத்துக்காரர் அந்தப் பணத்தைப் பேட்டரியில் போடலாம்.

மண் சொல்வதைக் கேட்க வேண்டும்

பிரிட்டனில் நவம்பர் முதல் மார்ச் வரை டிராலிக்காரருக்குச் சோதனைக்காலம். மணற்பாங்கான கடலோரக் களங்களில் தண்ணீர் சட்டென வடிந்துவிடும். உள்நாட்டின் களிமண் களங்களில் மழை பெய்தால் வாரக்கணக்கில் தரை சொதசொதவென்று இருக்கும். அகலம் குறைந்த சக்கரம் புல்லின் வேரை நசுக்கித் தடம் பதித்துவிடும். அதனால் பல கிளப்கள் குளிர்காலச் சக்கரம் போட்ட டிராலிகளை மட்டும் உள்ளே விடுகின்றன. ரப்பர் முட்கள் துருத்தி நிற்கும் இந்தச் சக்கரத்துக்கு அங்கே முள்ளெலியின் பெயர். எடை முட்களின் மேல் பரவுவதால் சேறும் ஒட்டாது, வழுக்கவும் செய்யாது.

சில நாட்களில் அதுவும் செல்லாது. ‘இன்று டிராலிக்கு அனுமதி இல்லை’ என்று அறிவிப்புப் பலகை தொங்கும். அன்று பையைத் தோளில் போட்டே ஆக வேண்டும். எலெக்ட்ரிக் டிராலி வந்த தெம்பில், தொழில்முறை வீரர்கள் பயன்படுத்துவது போன்ற பிரம்மாண்டப் பையை வாங்கியவர் அன்று வீட்டுக்குத் திரும்புவார். இலகுவான பை ஒன்றைக் கூடவே வைத்திருப்பவர் ஆடுவார்.

ஆகவே டிராலியை முடிவு செய்வதற்கு முன் கிளப் அலுவலகத்தில் மூன்று விஷயங்கள் கேட்க வேண்டும். குளிர்காலத்தில் என்ன சக்கரம் கேட்கிறார்கள், ஆண்டில் எத்தனை நாள் டிராலிக்குத் தடை, வண்டியைப் பூட்டிவைக்கவும் சார்ஜ் போடவும் இடம் உண்டா. மூன்றாவது கேள்விக்கு ‘உண்டு’ என்று பதில் வந்தால் அடுத்த பிரச்சினை அடியோடு தீர்ந்தது.

டிக்கியில் நுழையுமா?

அடுத்த பிரச்சினை காரின் டிக்கி. பேட்டரி இல்லாத சாதாரண மாடலே 9 முதல் 11 கிலோ இருக்கும். ரிமோட் வண்டி இன்னும் கனம். மடித்தபின் அளவு எவ்வளவு என்பதை அட்டையில் படிப்பதைவிட, காரை ஓட்டிக்கொண்டு கடைக்குப் போய் உள்ளே வைத்துப் பார்ப்பது மேல். வண்டி நுழைந்த பிறகு பைக்கும் இடம் இருக்க வேண்டும். சக்கரங்களைக் கழற்றினால்தான் நுழையும் என்றால், சேறு பூசிய சக்கரத்தை மழையில் நின்று கழற்றும் காட்சியை நினைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தூக்கிப் பார்ப்பதும் முக்கியம். களத்தில் அந்த வண்டியை நாம் தூக்கப்போவதில்லை. டிக்கியிலிருந்து எடுக்கும்போதும் உள்ளே வைக்கும்போதும், அதுவும் நான்கு மணி நேரம் நடந்து களைத்த பிறகு, குனிந்து தூக்க வேண்டும். முதுகைக் காக்க வாங்கிய வண்டியே முதுகைப் பிடித்த கதைகள் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

பைக்கும் வண்டிக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும். தரையில் ஊன்றி நிற்கும் கால்கள் கொண்ட பையை டிராலியில் வைத்தால் அது பெல்ட்டுக்குள் சுழலும், கால் விரிந்து சக்கரத்தில் உரசும். டிராலிக்கென்றே செய்த பைகளின் அடியில் உள்ள முளைகள் வண்டியின் துளைகளில் பொருந்தி உட்காரும். ஆனால் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு பூட்டு முறை. ஒரு நிறுவனத்தின் வண்டியும் இன்னொன்றின் பையும் எப்போதும் சம்பந்திகள் ஆவதில்லை.

கைப்பிடியா, ரிமோட்டா, கூடவே வருவதா?

இயக்கும் முறையில் மூன்று படிகள் உள்ளன. முதல் படியில் கைப்பிடியைப் பிடித்தபடி நடப்போம், வேகத்தை ஒரு குமிழ் தீர்மானிக்கும். ஒரே மோட்டார் அச்சைச் சுழற்றும், திருப்புவது நம் கை. அமைப்பு எளிது என்பதால் பழுதும் குறைவு. இதிலேயே ‘இத்தனை கெஜம் போய் நில்’ என்று அனுப்பும் வசதியும் இருக்கும். குழிக்கு அருகில் ஆடும்போது வண்டியை அடுத்த ஹோலின் பக்கம் முன்கூட்டியே அனுப்பிவிடலாம்.

இரண்டாம் படி ரிமோட். இடது, வலது சக்கரங்களுக்குத் தனித்தனி மோட்டார்கள். ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுழல்வதால் வண்டி திரும்பும். பக்கவாட்டுச் சரிவில் நேராகப் போவதற்கு உணர்கருவி, மேட்டில் பின்பக்கம் கவிழாமலிருக்கப் பின்னால் ஒரு குட்டிச் சக்கரம். கைகள் இரண்டும் வீசி நடக்கும் சுகம் இதில்தான் கிடைக்கும். முதுகுவலிக்காரருக்கும் தோள் அறுவைசிகிச்சை செய்தவருக்கும் இது ஆடம்பரமில்லை. விலை, எடை, பேட்டரிச் செலவு எல்லாம் கூடும். கவனமும் வேண்டும். பேச்சுச் சுவாரசியத்தில் பொத்தானை மறந்தவரின் வண்டி நேரே பங்கர் மணலுக்குள் இறங்கும்.

மூன்றாம் படி, இடுப்பிலோ பையிலோ செருகிய கருவியின் சமிக்ஞையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வரும் வண்டி. ஸ்டூவர்ட் கோல்ஃப் இந்த வகையில் முன்னோடிகளில் ஒன்று. திறந்த புல்வெளியில் அருமையாக வரும். ஒடுக்கமான பாலம், மரக்கூட்டம், பங்கர் விளிம்பு போன்ற இடங்களில் பின்தொடர்வதை நிறுத்திவிட்டு ரிமோட்டில் ஓட்ட வேண்டும். முன்னால் மனிதன் போன வழியில் எல்லாம் சக்கரம் போக முடியாது என்பது எளிய காரணம்.

விதிப்படி இவை எல்லாவற்றுக்கும் தடையில்லை. நாம் அடித்த பந்து தற்செயலாக நம் டிராலியிலேயே பட்டால் முன்பெல்லாம் ஓர் அடி அபராதம். 2019இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அபராதம் இல்லை, பந்து நின்ற இடத்திலிருந்து ஆடலாம். நின்றுகொண்டிருக்கும் நம் பந்தின் மேல் டிராலியை ஏற்றி நகர்த்திவிட்டால் பொதுவாக ஓர் அடி அபராதம் உண்டு, பந்தைப் பழைய இடத்தில் வைக்க வேண்டும்.

பிரிட்டனில் கைப்பிடி வகை 500, 600 பவுண்டில் தொடங்கும். திரையும் பிரேக்கும் சேரச் சேர ஆயிரத்தை நெருங்கும். ரிமோட் வந்தால் ஆயிரத்தைத் தாண்டும், பின்தொடரும் வண்டி 2,000 பவுண்டை ஒட்டிப் போகும்.

திரை கடைசியில்

கைப்பிடியில் பதித்த ஜி.பி.எஸ். திரை குழிக்கு இன்னும் எத்தனை கெஜம், பங்கர் எங்கே என்று காட்டும். தொட்டால் ஒளிரும், செல்பேசியோடு பேசும். பார்க்கப் பரவசம்தான். அதே தூரத்தைக் கைக்கடிகாரமும் காட்டும், கையடக்கத் தொலைவுமானியும் காட்டும். அவற்றை அடுத்த வண்டிக்கும் எடுத்துக்கொண்டு போகலாம். டிராலியின் மோட்டாரும் சட்டகமும் பத்தாண்டு உழைக்கக்கூடியவை. திரையின் மென்பொருளோ அதற்கு வெகு முன்பே பழசாகிவிடும். பழுது பார்க்கும் இடம் பக்கத்தில் இருக்கிறதா, சக்கரமும் பேட்டரி இணைப்பும் தனியாகக் கிடைக்குமா என்பவை திரையைவிடப் பயனுள்ள விசாரணைகள்.

நம் ஊர்க் கணக்கு வேறு

இந்தியாவில் ‘யார் சுமப்பது’ என்ற கேள்விக்குப் பதில் இன்றும் மனிதர்தான். கேடீயை அழைத்துச் செல்வது கட்டாயம் என்று வைத்திருக்கும் கிளப்கள் பல. அவர் பையைச் சுமப்பதோடு நிற்பதில்லை. புதரில் விழுந்த பந்தைக் கண்டுபிடிப்பார். காற்று எந்தப் பக்கம் தள்ளும், குழிக்கு அருகில் தரை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். எந்த டிராலியாலும் இது முடியாது.

அந்த வேலை ஏணியாகவும் இருந்திருக்கிறது. 1991இல் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்ற முதல் இந்தியரான அலி ஷேர், டெல்லியில் கேடீயாக இருந்தவர். 2009இல் அதே பட்டத்தை வென்ற பெங்களூரு சி. முனியப்பாவும் கேடீயாகத் தொடங்கியவரே. 2016, 2017 என அடுத்தடுத்து வென்ற எஸ்.எஸ்.பி. சௌராசியா, கொல்கத்தாவின் ராயல் கல்கத்தா கிளப்பில் புல்தரை பராமரித்தவரின் மகன். பிறர் பையைத் தூக்கி நடந்த களத்தில்தான் இவர்கள் ஆடக் கற்றார்கள். உறுப்பினர் சந்தா கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்குக் களத்துக்குள் நுழைய இருந்த ஒரே வாசல் அது. அந்த வாசலை மோட்டார் வைத்து மூடிவிட்டால் அடுத்த முனியப்பா எங்கிருந்து வருவார் என்பது நியாயமான கவலை.

ஆனால் இயந்திரமும் மனிதரும் இங்கே எதிரிகளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கோல்ஃப் விதிகளின்படி மட்டைகளைச் சுமப்பவர் மட்டுமல்ல, டிராலியில் வைத்து எடுத்துச் செல்பவரும் கேடீதான். நம் களங்களில் கேடீக்கள் கையால் டிராலியை இழுப்பது ஏற்கெனவே சகஜம். சித்திரை வெயிலில் நாளுக்கு இரண்டு சுற்று 15 கிலோவை இழுக்கும் ஐம்பது வயதுக்காரரின் கையில் எலெக்ட்ரிக் டிராலியைக் கொடுத்தால் அவர் வேலை போகாது, வலிதான் போகும். கிளப்களே சில வண்டிகளை வாங்கி, மூத்த கேடீக்களுக்கு முதலில் கொடுக்கலாம். உறுப்பினர் தன் வசதிக்கு வண்டி வாங்கினாலும் கேடீக்கான கூலியைக் குறைக்காமல் கூட்டிப் போகலாம். வாங்குவது பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்தே பேசுவதுதான் நம் ஊருக்கு நேர்மை.

களத்தைப் பொறுத்த அறிவுரையும் இங்கே மாறும். சென்னையின் களங்கள் சமதளம், அங்கே இறக்கப் பிரேக்குக்குக் கூடுதல் பணம் வீண். ஊட்டி ஜிம்கானா கிளப்பின் களத்திலும், 1895இல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பிலும், இலங்கையில் 1889இல் தொடங்கிய நுவரெலியா கிளப்பிலும் மலைச்சரிவுதான் தரை, பிரேக் இல்லாத வண்டியை அங்கே நினைக்கவே கூடாது. பிரிட்டிஷ்காரர் பேட்டரியைக் குளிரிலிருந்து காப்பாற்றப் பாடுபடுகிறார். நமக்கு வெயிலிலிருந்து காப்பாற்றுவதே பாடு. மே மாதத்தில் பூட்டிய காரின் டிக்கியில் லித்தியம் பேட்டரியைப் போட்டுவைத்தால் அதன் ஆயுள் வேகமாகக் கரையும். ஆடி முடித்ததும் கையோடு கழற்றி வீட்டுக்குள் எடுத்துப் போக வேண்டும், சூடு தணிந்த பிறகே சார்ஜ் போட வேண்டும்.

வாங்கும் முன் ஆறு சோதனைகள்

1. உங்கள் களத்தில் சரிவு உண்டா? உண்டு என்றால் பிரேக் உள்ள மாடல்களை மட்டும் பாருங்கள்.

2. பேட்டரி லித்தியமா, எத்தனை ஆண்டு உத்தரவாதம், தனியாக வாங்கினால் என்ன விலை என்று கேளுங்கள். பழைய வண்டி வாங்குவதாக இருந்தால் பேட்டரிக்கு மதிப்பே இல்லை என்று வைத்து விலை பேசுங்கள்.

3. மடித்து, உங்கள் காரிலேயே, உங்கள் பையோடு வைத்துப் பாருங்கள். வைப்பவரும் நீங்களாகவே இருங்கள்.

4. இப்போதுள்ள பை இந்த வண்டியில் சுழலாமல் நிற்கிறதா? நிற்காவிட்டால் புதிய பையின் விலையையும் வண்டியின் விலையில் கூட்டிக்கொள்ளுங்கள்.

5. பழுதானால் எங்கே போக வேண்டும்? வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவருக்கு இந்தக் கேள்வி மற்ற ஐந்தையும்விடப் பெரியது.

6. தெரிந்தவரிடம் இரவல் வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ 18 ஹோலும் ஓட்டிப் பாருங்கள். கடைத் தளத்தின் பளிங்குத் தரையில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும்.

ஆறிலும் தேறிய வண்டி அனேகமாகக் கடையின் முன்வரிசையில் மின்னிக்கொண்டிருக்காது. நடுத்தர விலையில், பெரிய பேட்டரியோடு, சிறிய திரையோடு இரண்டாம் வரிசையில் நிற்கும். கைப்பிடி வகையே போதும் என்பவர்கள்தான் பெரும்பாலோர். உடல் கேட்டால் மட்டும் ரிமோட்டுக்குப் போங்கள். மிச்சமாகும் பணத்தில் கொஞ்சம் நல்ல மழைக்கோட்டுக்கும், கொஞ்சம் கூட வரும் கேடீக்கும் போகட்டும்.